விளையாட்டுக் கணிப்பொறி: வாங்குவதா, நாமே பொருத்துவதா?

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அருகிலுள்ள சுந்தரபாண்டியத்திலிருந்து பதினோராம் வகுப்பு மாணவர் ஒருவர் ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறார். அவருடைய தந்தை கைத்தறி நெசவாளர். மாதந்தோறும் கட்டிவந்த சீட்டுப் பணம் 70,000 ரூபாய் இப்போது கைக்கு வந்திருக்கிறது. மகனுக்குக் கணிப்பொறி வாங்கித் தருவதாக அவர் சொல்லியிருக்கிறார். மாணவருக்கு விளையாட்டு ஆசை உண்டு. முப்பரிமாணப் படம் வரையவும் கற்க வேண்டுமாம். மதுரையில் ஒரு கடையில் சிவப்பும் நீலமுமாக விளக்கு எரியும் ஆயத்தப் பெட்டி ஒன்றைப் பார்த்திருக்கிறார். அவருடைய மாமாவோ, "உதிரியாக வாங்கி நீயே பொருத்து, பணம் மிச்சம்" என்கிறார். இரண்டில் எது சரி?

சிறிய கேள்விதான். ஆனால் ஒரு குடும்பத்தின் இரண்டாண்டுச் சேமிப்பு இதில் அடங்கியிருக்கிறது. எனவே, "இது நல்லது, அது கெட்டது" என்று ஒரே வரியில் சொல்லிவிட எனக்கு மனமில்லை. பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்து கொண்டால் விடை தானாகவே கிடைத்துவிடும். அதற்கு நீங்கள் பள்ளியில் படித்த இயற்பியலே போதும்.

இந்தக் கேள்வி புதியதல்ல

வாங்குவதா, செய்வதா என்ற இதே கேள்வியை நம் நாடு எழுபது ஆண்டுகளுக்கு முன்பே சந்தித்தது. 1955ஆம் ஆண்டில் கல்கத்தாவிலிருந்த இந்தியப் புள்ளியியல் கழகம், ஹெச்.இ.சி.-2எம் என்ற கணிப்பொறியை இங்கிலாந்திலிருந்து விலைக்கு வாங்கியது. ஏறத்தாழ அதே காலத்தில் பம்பாயில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகம் வேறொரு வழியில் சென்றது. "நாமே செய்து பார்ப்போம்" என்று அது முடிவு செய்தது. அந்தக் குழுவை வழிநடத்தியவர் சென்னையில் பிறந்து, கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த ஆர். நரசிம்மன் அவர்கள்.

முதலில் ஒரு சிறிய மாதிரிப் பொறியைச் செய்து 1956இல் இயக்கிப் பார்த்தார்கள். பிறகு முழுப் பொறியைக் கட்டினார்கள். 1960இல் அது வேலைக்கு வந்தது. ஏறத்தாழ 2,700 வெற்றிடக் குழாய்களும், 1,700 ஜெர்மானியம் டையோடுகளும், 12,500 மின்தடைகளும் அதில் இருந்தன. 1962இல் நேரு அவர்கள் அதற்கு 'டிஃப்ராக்' என்று பெயர் சூட்டினார். அதன் நினைவகம் 2,048 சொற்கள்; ஒரு சொல்லுக்கு 40 பிட்டுகள். கணக்கிட்டுப் பாருங்கள்: 81,920 பிட்டுகள், அதாவது 10 கிலோபைட்டுகள். இன்று 16 ஜிகாபைட் ரேம் உள்ள கணிப்பொறி அதைப் போல 16 லட்சம் மடங்குக்கும் மேலான நினைவகம் உடையது!

கதையின் முடிவுதான் முக்கியம். 1964இல் அதே ஆராய்ச்சிக் கழகம் சி.டி.சி. 3600 என்ற பெரிய கணிப்பொறியை அமெரிக்காவிலிருந்து விலைக்கு வாங்கியது. அப்படியானால் டிஃப்ராக் வீணா? இல்லவே இல்லை. பொறியைக் கட்டியதால் கணிப்பொறி தெரிந்த ஒரு தலைமுறை உருவாயிற்று. வாங்கியதால் பெரிய கணக்குகள் விரைந்து முடிந்தன. கட்டுவதன் பயன் ஒன்று; வாங்குவதன் பயன் மற்றொன்று. எந்தப் பயன் நமக்கு வேண்டும் என்பதுதான் முதற்கேள்வி.

விளையாட்டுக்கு ஏன் தனிக் கணிப்பொறி?

கடிதம் எழுதவும் கணக்குப் போடவும் எளிய கணிப்பொறியே போதும். விளையாட்டுக்கு அது திணறுவது ஏன்? திரையை உற்றுப் பாருங்கள். சாதாரணத் திரையில் குறுக்கே 1,920, மேலிருந்து கீழாக 1,080 என ஒளிப்புள்ளிகள் இருக்கின்றன. பெருக்கினால் 20 லட்சத்து 73 ஆயிரத்து 600. விளையாட்டில் படம் நொடிக்கு 60 முறை மாறுகிறது. ஆக, நொடிக்கு 12 கோடியே 44 லட்சம் புள்ளிகளின் நிறத்தைக் கணக்கிட வேண்டும். ஒரு புள்ளிக்கு ஆயிரம் கணக்குகள் என்று வைத்துக் கொண்டாலும், நொடிக்கு 12,000 கோடிக்கு மேல் ஆகிவிடுகிறது. ஒரு முழுப் படத்தை முடிக்கக் கிடைக்கும் நேரமோ 60இல் ஒரு நொடிதான்.

இதற்கு இரண்டு வகை உழைப்பாளிகள் வேண்டும். பிராசசர் என்பது கைதேர்ந்த நெசவாளரைப் போன்றது. எத்தனை சிக்கலான புட்டாவையும் நெய்யும். ஆனால் இருப்பதோ ஆறு, எட்டு பேர்தான். கிராபிக்ஸ் கார்டு என்பது ஆயிரக்கணக்கான தறிகள் உள்ள கூடத்தைப் போன்றது. ஒவ்வொரு தறியும் எளிய வேலையைத்தான் செய்யும். ஆனால் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும். ஒரு புள்ளியின் நிறம் பெரும்பாலும் அடுத்த புள்ளிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதால், வேலையைப் பங்கிட்டுக் கொடுக்க முடிகிறது.

நெசவை இங்கே சும்மா உவமைக்காகச் சொல்லவில்லை. 1804ஆம் ஆண்டு வாக்கில் பிரான்சில் ஜக்கார்டு என்பவர், துளையிட்ட அட்டைகளைக் கொண்டு பூவேலையை நெய்யும் தறியைச் செய்தார். துளை இருந்தால் ஒரு செயல், இல்லாவிட்டால் மற்றொன்று. பின்னாளில் பாபேஜ் தம் கணக்கிடும் பொறிக்கு அந்த அட்டைகளையே கருதினார். கணிப்பொறியின் மூதாதையரில் ஒருவர் தறி. நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் இதை மறக்க வேண்டாம்.

"விளையாட்டுக்கு இவ்வளவு செலவா?" என்று பெற்றோர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அவர்களிடம் ஒன்று சொல்லுங்கள். 2012ஆம் ஆண்டில் கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஹின்டனும் அவருடைய மாணவர்கள் இருவரும், படங்களைப் பார்த்து இன்னது என்று சொல்லும் நிரல் ஒன்றை உருவாக்கினார்கள். அதைப் பயிற்றுவிக்க அவர்கள் பயன்படுத்தியவை கடையில் விற்ற இரண்டு விளையாட்டுக் கிராபிக்ஸ் கார்டுகள்தாம். இன்றைய செயற்கை நுண்ணறிவின் பெருவளர்ச்சிக்கு அது ஒரு திருப்புமுனை. ஹின்டன் 2024இல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்து கொண்டார். கருவி ஒன்றுதான், அதைக் கொண்டு என்ன செய்கிறோம் என்பது நம் கையில்.

பாகங்கள் எப்படிப் பொருந்துகின்றன?

ஒரு நிறுவனத்தின் பிராசசரும், இன்னொரு நிறுவனத்தின் ரேமும், மூன்றாவது நிறுவனத்தின் பெட்டியும் எப்படி ஒன்றாகச் சேர்கின்றன? அளவுத் திட்டங்கள்தாம் காரணம். 1981இல் வெளிவந்த ஐ.பி.எம். பி.சி.யின் அமைப்பு வெளிப்படையாக இருந்ததால், பிறரும் அதற்குப் பொருந்தும் அட்டைகளைச் செய்தார்கள். 1995இல் இன்டெல் நிறுவனம் 'ஏ.டி.எக்ஸ்.' என்ற அளவுத் திட்டத்தை வெளியிட்டது. மதர்போர்டில் திருகு துளைகள் எங்கே இருக்க வேண்டும், மின்சாரம் எந்த இணைப்பில் வர வேண்டும் என்பதெல்லாம் அதில் வரையறுக்கப்பட்டன. அதனால்தான் இன்று ஸ்குரூ டிரைவர் ஒன்றை வைத்துக் கொண்டு நீங்கள் ஒரு கணிப்பொறியைப் பொருத்திவிட முடிகிறது.

ஆனால் எல்லாம் எல்லாவற்றோடும் பொருந்தாது. பாவின் நூலுக்கு ஏற்ற அச்சு இல்லாவிட்டால் தறி ஓடாது அல்லவா? அதைப் போலத்தான். பிராசசருக்கு உரிய சாக்கெட் மதர்போர்டில் இருக்க வேண்டும். ரேமில் டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 என இரு தலைமுறைகள் கடைகளில் உள்ளன. இரண்டுக்கும் 288 ஊசிகள்தாம், ஆனால் வெட்டு இருக்கும் இடம் வேறு, மின்னழுத்தமும் வேறு (1.2 வோல்ட், 1.1 வோல்ட்). ஒன்றின் இடத்தில் மற்றொன்று நுழையாது. நீளமான கிராபிக்ஸ் கார்டு சிறிய கேபினெட்டுக்குள் அடங்காது. வாங்கும் முன் ஒரு தாளில் இவற்றைச் சரிபார்த்துக் கொண்டால் ஒரு தொல்லையும் இல்லை.

ஆயத்தக் கணிப்பொறியில் இந்தச் சரிபார்ப்பை நிறுவனமே செய்துவிடுகிறது. அது நன்மை. ஆனால் சில நிறுவனங்கள் ஏ.டி.எக்ஸ். அளவைக் கைவிட்டுத் தங்களுக்கே உரிய வடிவில் மதர்போர்டையும் மின்வழங்கியையும் செய்கின்றன. மூன்றாண்டு கழித்து ஒன்று பழுதானால் கடையில் மாற்று கிடைக்காது. ஆயத்தப் பெட்டி வாங்குபவர் கேட்க வேண்டிய முதற்கேள்வி இதுதான்: "மதர்போர்டும் எஸ்.எம்.பி.எஸ்.ஸும் ஏ.டி.எக்ஸ். அளவா?"

வெப்பத்தின் கணக்கு

கணிப்பொறி உண்ணும் மின்சாரம் முழுவதும் இறுதியில் வெப்பமாகிறது. நடுத்தரமான விளையாட்டுக் கணிப்பொறியின் பாகங்கள் முழு வேகத்தில் 300 வாட் எடுக்கின்றன என்று கொள்வோம். ஒரு சிறிய பெட்டிக்குள் 100 வாட் குண்டு பல்புகள் மூன்றை எரியவிட்டதற்குச் சமம் இது.

இந்த வெப்பத்தைக் காற்றுதான் வெளியே கொண்டு செல்ல வேண்டும். உள்ளே நுழையும் காற்று 10 டிகிரி மட்டுமே சூடேறி வெளியேற வேண்டுமானால் எவ்வளவு காற்று தேவை? ஒரு கிலோகிராம் காற்றை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 1,000 ஜூல் வேண்டும். ஆகவே, 300ஐ 10,000ஆல் வகுத்தால், நொடிக்கு 0.03 கிலோகிராம் காற்று. பருமனில் சொன்னால் ஏறத்தாழ 26 லிட்டர். அதாவது ஒவ்வொரு நொடியும் இரண்டு குடம் காற்று பெட்டிக்குள் புகுந்து வெளியேற வேண்டும். முன்பக்கம் முழுவதும் கண்ணாடியால் மூடி, ஓரத்தில் விரல் அகலம் மட்டும் இடைவெளி விட்ட அழகுப் பெட்டிகளில் இந்தக் காற்று எப்படி நுழையும்? யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு கணக்கு. சிப்பின் வெப்பநிலை என்பது அறையின் வெப்பநிலையோடு, வாட்டையும் வெப்பத் தடையையும் பெருக்கி வரும் எண்ணைக் கூட்டினால் கிடைப்பது. 100 வாட் பிராசசர். குளிர்விப்பானின் வெப்பத் தடை வாட்டுக்கு 0.5 டிகிரி. ஆக, 50 டிகிரி உயர்வு. குளிர்ந்த நாட்டில் 22 டிகிரி அறையில் சோதித்தால் 72 டிகிரி. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் 38 டிகிரி அறையில் அதே பொறி 88 டிகிரி! ஏறத்தாழ 95 முதல் 100 டிகிரியில் பல பிராசசர்கள் தம்மைக் காத்துக் கொள்ள வேகத்தைக் குறைத்துக் கொள்ளும். வெளிநாட்டுச் சோதனை அறிக்கையைப் படிக்கும்போது 15 டிகிரியைக் கூட்டிப் படியுங்கள்.

சிப்புக்கும் குளிர்விப்பானுக்கும் இடையே ஒரு பசையைத் தடவுவார்கள். ஏன் தெரியுமா? இரண்டு உலோகப் பரப்புகளும் பார்வைக்கு வழவழப்பாக இருந்தாலும், இடையில் நுண்ணிய பள்ளங்கள் உண்டு. அவற்றில் காற்று நிற்கும். காற்றின் வெப்பங்கடத்தும் திறன் தாமிரத்தினுடையதில் 15,000இல் ஒரு பங்குதான். பசை அந்தக் காற்றை வெளியேற்றுகிறது. பசை தாமிரத்திற்கு ஈடாகாது. ஆகவே மெல்லியதாக, பட்டாணி அளவு போதும். அப்பிவிட்டால் பசையே தடையாகிவிடும்.

தறி ஓடும் ஊர்களிலும், இராசபாளையம் போன்ற நூற்பாலை ஊர்களிலும் மற்றொரு சிக்கல் உண்டு: பஞ்சுத் தூசு. விசிறி காற்றோடு அதையும் இழுக்கும். குளிர்விப்பானின் தகடுகளுக்கிடையே அது படிந்து மெத்தை போலாகிவிடும். பஞ்சுக்குள் நிற்கும் காற்று வெப்பத்தைக் கடத்தாது. போர்வை சூடாக இருப்பதும் அதனால்தானே! எனவே, கழற்றிக் கழுவக்கூடிய தூசு வடிகட்டி உள்ள கேபினெட்டையே தேர்ந்தெடுங்கள். மாதம் ஒரு முறை மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு மெல்லிய தூரிகையால் துடைத்துவிடுங்கள்.

மின்சாரத்தின் கணக்கு

பெட்டியில் யாரும் கவனிக்காத பாகம் எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் மின்வழங்கி. நம் வீட்டு 230 வோல்ட் மாறுதிசை மின்னோட்டத்தை 12 வோல்ட் நேர்திசை மின்னோட்டமாக மாற்றித் தருவது இது. 300 வாட்டை 12ஆல் வகுத்துப் பாருங்கள்: 25 ஆம்பியர்! ஸ்கூட்டரின் முகப்பு விளக்கு எடுப்பதைப் போலப் பல மடங்கு. ஒரே நொடியில் இந்தத் தேவை ஏறும், இறங்கும். ஆனால் 12 வோல்ட் அசையக் கூடாது. மலிவான எஸ்.எம்.பி.எஸ். இங்கேதான் தோற்கிறது.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு கணிப்பொறி தினமும் பிற்பகலில் தானாக அணைந்துவிடும். ரேமை மாற்றினோம், நிரலை மாற்றினோம், பயனில்லை. கடைசியில் பார்த்தால், ஸ்டிக்கரில் 500 வாட் என்று எழுதியிருந்த எஸ்.எம்.பி.எஸ். சூடேறியதும் அதில் பாதிகூடத் தரவில்லை. அன்றிலிருந்து நான் எந்தக் கணிப்பொறியைப் பார்த்தாலும் முதலில் அதைத்தான் திருப்பிப் பார்ப்பேன். ஆயத்தப் பெட்டிகள் சிலவற்றில் விளம்பரத்தில் வராத இந்தப் பாகத்தில்தான் சிக்கனம் பிடிக்கப்படுகிறது.

'80 பிளஸ்' முத்திரை பெற்றதா என்று பாருங்கள். முத்திரை பெற்ற எஸ்.எம்.பி.எஸ். 80 சதவீதத்திற்குக் குறையாத பயனுறுதிறன் உடையது. 85 சதவீதம் என்று கொண்டால், 300 வாட் தர, சுவரிலிருந்து 353 வாட் எடுக்கும். 70 சதவீதம் மட்டுமே உள்ளது 429 வாட் எடுக்கும். இடைப்பட்ட 76 வாட் வெறும் சூடு. நாளுக்கு நான்கு மணி நேரம் என்றால் மாதத்திற்கு 9 யூனிட் வீண்.

யு.பி.எஸ். வாங்கும்போதும் ஏமாந்துவிடாதீர்கள். அதில் 600 வி.ஏ. என்று எழுதியிருக்கும். அது வாட் அல்ல. திறன் காரணியால் பெருக்கினால்தான் வாட் கிடைக்கும். கடைகளில் கிடைக்கும் பல 600 வி.ஏ. யு.பி.எஸ்.கள் 360 வாட் மட்டுமே தரும். மேலே கண்ட 353 வாட்டோடு ஒரு திரையும் சேர்ந்தால் அது தாங்காது.

எர்த் இணைப்பு இல்லாத பழைய வீடுகளில் கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று இருக்கும். "ஷாக் அடிக்கிறது, கணிப்பொறி கெட்டுவிட்டது" என்பார்கள். கெடவில்லை. எஸ்.எம்.பி.எஸ்.ஸின் வாயிலில், இரைச்சலை வடிகட்ட, இரு மின்கம்பிகளிலிருந்தும் உலோகப் பெட்டிக்கு ஆளுக்கொரு சிறிய மின்தேக்கி இணைக்கப்பட்டிருக்கும். எர்த் இல்லாவிட்டால் இரண்டும் மின்னழுத்தத்தைப் பாதியாகப் பங்கிட, பெட்டியில் ஏறத்தாழ 115 வோல்ட் நிற்கும். மின்னோட்டம் மிகச் சிறியதுதான். என்றாலும் எர்த் இல்லாமல் கணிப்பொறியை இயக்குவது பாதுகாப்பன்று. வாங்கினாலும் சரி, பொருத்தினாலும் சரி, முதற்செலவு எர்த் கம்பிக்கு. இடி இடிக்கும்போது பிளக்கையே உருவிவிடுங்கள்.

விலையின் கணக்கு

உதிரியாக வாங்கினால் மிச்சம் என்று மாமா சொல்கிறார். பல வேளைகளில் அது உண்மைதான். பொருத்தும் கூலி, பெட்டி அனுப்பும் செலவு, விளம்பரச் செலவு எல்லாம் ஆயத்தப் பெட்டியின் விலையில் ஒளிந்திருக்கும். ஆனால் எப்போதும் அப்படியல்ல. 2021இல் கிராபிக்ஸ் கார்டுகளுக்கு உலகெங்கும் பெருந்தட்டுப்பாடு ஏற்பட்டது. 2025இன் இறுதியில், செயற்கை நுண்ணறிவுக் கூடங்கள் நினைவகச் சிப்புகளை அள்ளிக் கொண்டதால் ரேமின் விலை பாய்ந்து ஏறியது. இத்தகைய காலங்களில், முன்கூட்டியே மொத்தமாக வாங்கி வைத்த பெரிய நிறுவனத்தின் ஆயத்தப் பெட்டி மலிவாக இருக்கக்கூடும். ஆகவே வாங்கும் வாரத்தில் விலையைக் கேட்டு, நீங்களே கூட்டிப் பாருங்கள். பட்டியலில் இயக்க முறைமையின் விலையையும் யு.பி.எஸ்.ஸையும் திரையையும் மறந்துவிடாதீர்கள்.

பங்கீடும் முக்கியம். விளையாட்டே நோக்கமானால் பெட்டிக்கு ஒதுக்கும் பணத்தில் மூன்றில் ஒரு பங்கு அல்லது சற்று மேலாகக் கிராபிக்ஸ் கார்டுக்குப் போகலாம். விளக்குகளுக்கு ஒரு ரூபாயும் வேண்டாம். அவை ஒரு படத்தையும் வேகமாகக் காட்டுவதில்லை. 16 ஜிகாபைட் ரேமை ஒரே அட்டையாக வாங்காமல் 8, 8 என இரண்டாக வாங்குங்கள். மதர்போர்டு இரு வழிகளில் ஒரே நேரத்தில் தரவைப் பெறும். ஒற்றைப் பாலத்துக்குப் பதில் இரட்டைப் பாலம் போல.

பழுது பார்க்கும் செலவையும் கூட்டுங்கள். ஆயத்தப் பெட்டிக்கு ஒரே பில், ஒரே உத்தரவாதம். எது கெட்டாலும் ஒருவரையே கேட்கலாம். உதிரிப் பாகங்களுக்குத் தனித்தனி உத்தரவாதம். எது கெட்டது என்று கண்டுபிடிக்கும் பொறுப்பு உங்களுடையது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மதுரை ஏறத்தாழ 75 கிலோமீட்டர். பழுதான பெட்டியைப் பேருந்தில் மடியில் வைத்துக் கொண்டு இரண்டு முறை போய்வந்தால், மிச்சம் பிடித்தது என்னவாகும் என்று பாருங்கள்.

யாருக்கு எது?

ஆயத்தப் பெட்டி யாருக்கு? கணிப்பொறி நாளைக்கே வேண்டும் என்பவருக்கு; அருகில் உதவி செய்ய ஆளில்லாதவருக்கு; உள்ளே இருக்கும் பாகங்களின் பெயரை ஒவ்வொன்றாகக் கடைக்காரர் எழுதித் தர, அவற்றின் விலையைக் கூட்டினால் வித்தியாசம் சிறிதாக இருப்பவருக்கு. "ஐ-7, 16 ஜி.பி., கேமிங்" என்று மட்டும் சொல்லி, மற்றதைச் சொல்ல மறுத்தால் அந்தப் பெட்டியை விட்டுவிடுங்கள்.

தாமே பொருத்துவது யாருக்கு? பொறுமை உள்ளவருக்கு, அறிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருப்பவருக்கு, நாளை ஒவ்வொரு பாகமாக மாற்றி வளர்த்துக் கொள்ள நினைப்பவருக்கு, ஒரு பாகம் வந்ததும் வேலை செய்யாவிட்டால் இரண்டு வாரம் காத்திருக்க முடிந்தவருக்கு.

பொருத்துபவர் மறக்கக் கூடாதவை மூன்று. ஒன்று, உடம்பிலுள்ள நிலைமின்சாரம். நம் விரலில் பொறி தெறிப்பதை நாம் உணரவே ஏறத்தாழ 3,000 வோல்ட் வேண்டும். சிப்பைக் கெடுக்க அதைவிட மிகக் குறைந்த அளவே போதும். அதாவது, நமக்குத் தெரியாமலேயே கெடுத்துவிடலாம். எனவே எர்த் உள்ள உலோகத்தை முதலில் தொட்டுவிட்டு, அட்டைகளை ஓரத்தில் பிடியுங்கள். இரண்டு, சாக்கெட்டின் ஊசிகள் மயிரிழை போன்றவை. பிராசசரை அழுத்தவே வேண்டாம்; முக்கோணக் குறியைப் பார்த்து வைத்தால் தானாக அமரும். மூன்று, எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் திறக்கவே கூடாது. 230ஐ 1.414ஆல் பெருக்குங்கள்: 325 வோல்ட். பிளக்கை உருவிய பின்னும் உள்ளிருக்கும் மின்தேக்கி இதைச் சிறிது நேரம் பிடித்து வைத்திருக்கலாம். அது உயிருக்கே ஆபத்து.

சுந்தரபாண்டியத்துத் தம்பிக்கு

இப்போது விடைக்கு வருவோம். தம்பி, நீங்கள் இதுவரை ஒரு கணிப்பொறியையும் திறந்ததில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தப் பணம் கெட்டால் மறுபடி வராது என்றும் எழுதியிருக்கிறீர்கள். கற்கும் ஆசையும் இருக்கிறது. உங்களுக்கு இரண்டுக்கும் நடுவே மூன்றாவது வழி ஒன்று உண்டு. நம் நாட்டில் 1984ஆம் ஆண்டின் புதிய கணிப்பொறிக் கொள்கை பாகங்களின் இறக்குமதியை எளிதாக்கியது. அதன் பிறகு ஊர்தோறும் கடைக்காரர்கள் பாகங்களை வாங்கிப் பொருத்தித் தரும் 'அசெம்பிள்' கணிப்பொறி பரவியது. சென்னை ரிச்சி தெரு அதற்குப் பேர்போன இடம். அந்த வழிதான் உங்களுக்கு ஏற்றது.

பாகங்களை நீங்களே தேர்ந்தெடுங்கள். மேலே கண்ட கணக்குகளை ஒரு நோட்டில் எழுதுங்கள். இராசபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ, நீங்கள் எளிதில் போய்வரக்கூடிய, அனுபவமுள்ள ஒரு கடையில் அந்தப் பட்டியலைக் கொடுத்து விலை கேளுங்கள். மதுரைப் பெட்டியின் விலையோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் சில நூறு ரூபாய் என்றால்கூடக் கவலை வேண்டாம், நல்ல எஸ்.எம்.பி.எஸ்.ஸும், பக்கத்திலேயே பழுது பார்க்கும் ஆளும் அதைவிட மதிப்புடையவை. பொருத்தும் நாளில் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். ஒவ்வொரு பாகத்தின் எண்ணும் பில்லில் இருக்கட்டும். கடையிலேயே கனமான விளையாட்டு ஒன்றை ஒரு மணி நேரம் ஓடவிட்டு, வெப்பநிலையைப் பார்த்த பின் பணம் கொடுங்கள்.

அதற்கு முன், பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் பயனற்ற கணிப்பொறி ஒன்றை வாங்கி, எஸ்.எம்.பி.எஸ்.ஸை மட்டும் தொடாமல், கழற்றிப் பொருத்திப் பாருங்கள். பம்பாயில் முதலில் மாதிரிப் பொறியைச் செய்தார்கள் அல்லவா? அதே முறைதான். இரண்டாண்டு கழித்து ரேமையோ கிராபிக்ஸ் கார்டையோ மாற்றும் வேளை வரும். அன்று கடைக்குப் போக வேண்டாம், நீங்களே மாற்றலாம்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. பட்டியலை எழுதி முடித்ததும், தறியில் இருக்கும் உங்கள் தந்தையிடம் உட்கார்ந்து ஒவ்வொரு பாகமும் எதற்கு என்று விளக்குங்கள். அச்சும் விழுதும் நாடாவும் ஒன்றோடொன்று இசைந்தால்தான் துணி வரும் என்பதை அவர் உங்களைவிட நன்றாக அறிந்தவர். அவருக்குப் புரியும்படி உங்களால் சொல்ல முடிந்தால், உங்கள் பட்டியல் சரியாக இருக்கிறது என்று பொருள். எங்கேயாவது தடுமாறினால், அந்தப் பாகத்தை மட்டும் மறுபடி பாருங்கள். பணம் இன்னும் கையில்தானே இருக்கிறது.

செய்து பாருங்கள்

1. உங்கள் பள்ளிக் கணிப்பொறியின் எஸ்.எம்.பி.எஸ். ஸ்டிக்கரில் 12 வோல்ட்டுக்கு எதிரே எத்தனை ஆம்பியர் என்று ஆசிரியரின் அனுமதியோடு பாருங்கள். 12ஆல் பெருக்கினால் வரும் வாட்டும், பெரிதாக அச்சிட்ட வாட்டும் நெருங்கி இருக்கின்றனவா?

2. திரையின் புள்ளிகள் 3,840க்கு 2,160 என்றும், நொடிக்கு 120 படங்கள் என்றும் கொண்டால், கிராபிக்ஸ் கார்டின் வேலை இந்தக் கட்டுரையில் கண்டதைப் போல எத்தனை மடங்காகும்?